பக்கவாதம் வந்த கைக்கு விஆர் அதிர்வு தெரியுமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு அறுபது வயதுக்கு மேல். வாழ்நாளில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், கடைசிச் சில ஆண்டுகள் மெஷினில் புல் வெட்டியவர். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு. பக்கவாதம் வந்து வலது கை பாதிதான் திரும்பியிருக்கிறது. ஈப்போவில் ஒரு மறுவாழ்வு நிலையத்தில் விஆர் கண்ணாடியை (இல்லாத காட்சியைக் கண்முன் நிஜம்போலக் காட்டுகிற மெய்நிகர் கருவி) மாட்டிவிட்டு, கையில் ஒரு கண்ட்ரோலரைக் கொடுத்து, எதிரே தெரியும் பந்தை எடுத்துக் கூடையில் போடச் சொல்கிறார்களாம். பந்தைத் தொட்டால் கண்ட்ரோலர் அதிரும். அப்பாவோ, "கையில ஒண்ணுமே இல்லம்மா, காத்தைப் புடிக்கச் சொல்றாங்க" என்கிறாராம். கோளாறு அப்பாவின் கையிலா, கருவியிலா? அதிர்வைக் கூட்டச் சொல்லலாமா? இணையத்தில் விற்கிற அதிர்வுக் கையுறையை வாங்கி வீட்டிலேயே செய்யலாமா? இதுதான் கேள்வி.

நான் கை மறுவாழ்வுச் சிகிச்சையில் இருப்பவன். சுருக்கமாகச் சொன்னால், கோளாறு இரண்டு பக்கமும் இருக்கிறது. அதிர்வைக் கூட்டுவது முதலில் செய்ய வேண்டிய வேலை இல்லை. கையுறை இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கருவிகளை வைத்திருக்கும் இடங்களில்கூட இதைப் பலர் விளக்குவதில்லை.

தொடுஉணர்வு என்று ஒற்றைப் பெயரில் சொல்கிறோமே தவிர, அது ஒன்று அல்ல. ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் ஏறத்தாழ 17,000 தொடுநரம்பு அலகுகள் இருக்கின்றன. ஸ்வீடனில் யோஹான்சன், வால்போ என்ற இருவர் 1979-ல் கணக்கிட்டுச் சொன்ன எண் இது. அவற்றில் நான்கு வகை. மெர்க்கெல் வகை, அழுத்தத்தையும் விளிம்பையும் சொல்லும்; தொட்டுக்கொண்டிருக்கும் வரை விடாமல் செய்தி அனுப்பும். ருஃபினி வகை, தோல் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று சொல்லும். மெய்ஸ்னர் வகை, பொருள் விரலில் லேசாக நழுவினால் உடனே எழுந்துகொள்ளும். நொடிக்கு 5 முதல் 50 வரையான மெதுவான அதிர்வுகள் அதன் எல்லை. நான்காவது பசினி. தோலுக்கு ஆழத்தில் கிடப்பது. நொடிக்கு 200, 300 முறை துடிக்கிற வேகமான அதிர்வை அது மிக நன்றாகப் பிடிக்கும். அந்த வேகத்தில், நல்ல கையில், தோல் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே போதும், தெரிந்துவிடும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோமீட்டர்.

இப்போது பந்துக்கு வருவோம். நிஜப் பந்தைப் பிடித்தால் நான்கு வகையும் ஒரே நேரத்தில் பேசும். விரல் தோல் அழுங்கும், பக்கவாட்டில் இழுபடும், பந்து சற்று நழுவும், கனம் தெரியும். விஆர் கண்ட்ரோலர் அதிரும்போது இந்த நால்வரில் பசினியோடு மட்டும்தான் பேசுகிறது. மற்ற மூன்றுக்கும் அங்கே வேலையே இல்லை. அதைவிட மோசம், பந்து வருவதற்கு முன்பும் பின்பும் கையில் அதே கண்ட்ரோலர்தான் அழுந்திக்கொண்டிருக்கிறது. மெர்க்கெலைக் கேட்டால், "ஒரு பிளாஸ்டிக் பிடியைப் பிடித்திருக்கிறேன், எதுவும் மாறவில்லை" என்றுதான் சொல்லும். ஆக, உங்கள் அப்பா சொன்னது குறையில்லாத வர்ணனை. எந்த நோயும் இல்லாதவரும் முதல் தடவை அப்படித்தான் உணர்வார். கொஞ்ச நேரத்தில் மூளை, "இந்தத் துடிப்பு வந்தால் பந்தைத் தொட்டதாக அர்த்தம்" என்று கற்றுக்கொள்கிறது. அதாவது அந்த அதிர்வு ஒரு சமிக்ஞை. தொடுதலே அல்ல.

பசினிக்கு இன்னொரு குணமும் உண்டு. துடிப்பைப் பிடிப்பதில் அது கெட்டி, இடத்தைச் சொல்வதில் மந்தம். ஒரு பசினி அலகு உள்ளங்கையின் பெரும்பகுதியிலிருந்து வரும் அதிர்வைக் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் உள்ளங்கையில் அதிர்கிற ஒரு மோட்டார், பந்தைத் தொட்டது கட்டைவிரலா, சுட்டுவிரலா என்பதைச் சொல்லவே முடியாது. விரல் நுனியில் இரண்டு முனைகளை 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தாலே இரண்டு என்று நாம் சொல்லிவிடுவோம். அந்தக் கூர்மை மெர்க்கெல் தருவது, கண்ட்ரோலர் அதைத் தொடுவதே இல்லை.

இதில் உங்கள் அப்பாவுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது, அதைச் சிகிச்சையாளரிடம் நீங்கள் சொல்ல வேண்டும். பால்வெட்டு என்பது கருவியின் வழியாகத் தொடுகிற வேலை. விடியுமுன் இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையைச் சீவ வேண்டும். இன்னும் ஒரு மில்லிமீட்டர் போல உள்ளே போனால் மரத்தின் உயிர்ப்படலத்தில் காயம் பட்டுவிடும். அந்த இடம் முண்டு விழுந்து பிறகு வெட்ட உதவாது, கங்காணியிடம் ஏச்சு வாங்க வேண்டியதுதான். விளக்கு வெளிச்சத்தில் இந்த ஆழத்தைக் கண்ணால் அளக்க முடியாது. கத்தி பட்டையில் ஓடும்போது பிடிக்கு ஏறி வருகிற நுண்ணிய அதிர்வுதான் சொல்லும்: இங்கே மேல்பட்டை, சொரசொரப்பு, இங்கே பால்குழாய் இருக்கிற மெத்தென்ற பட்டை, இதற்கு மேல் போகாதே. இந்த அதிர்வைப் படிப்பதில் பசினிக்குப் பெரிய பங்கு உண்டு. 2018-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில், கையில் மரக்குச்சியைப் பிடித்திருப்பவர்கள், அந்தக் குச்சியில் எந்த இடத்தில் தட்டப்பட்டது என்பதைப் பார்க்காமலே சரியாகச் சொன்னார்கள். அதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. பேராவில் எத்தனையோ பேர் மங்கும் வாளியுமாக அதைத்தான் தினமும் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்தக் கத்தி அனுப்பிய அதிர்வுக்கும் கண்ட்ரோலர் அனுப்புகிற அதிர்வுக்கும் நிறைய தூரம். கத்தியின் அதிர்வு, கையை வேகமாக இழுத்தால் ஒரு மாதிரி, மெதுவாக இழுத்தால் ஒரு மாதிரி, மழை பெய்த மறுநாள் வேறு மாதிரி. மலிவான அதிர்வுக் கருவிகளில் இருப்பது ஒருபக்கம் கனமான சக்கரம் சுழலும் சின்ன மோட்டார். அது வேகமெடுக்கவே பல பத்து மில்லிவினாடி ஆகும். பலத்தைக் கூட்டினால் துடிப்பின் வேகமும் சேர்ந்தே கூடிவிடும். இரண்டையும் தனித்தனியாக மாற்ற முடியாது. அதைவிட நல்ல வகை, முன்னும் பின்னும் துடிக்கிற மோட்டார். சீக்கிரம் எழும், சீக்கிரம் அடங்கும், ஆனால் ஏறத்தாழ ஒரே சுருதியில்தான் பாடும். விலை உயர்ந்த கருவிகளில் ஒலிபெருக்கியைப் போன்ற சுருள் இருக்கும். விதவிதமான அதிர்வைத் தரக்கூடியது அதுதான். உங்கள் நிலையத்தில் எது இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தப்பில்லை.

சரி, கையின் பக்கம் வருவோம். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ தொடுஉணர்வும் ஏதோ ஒரு வகையில் பாதிக்கப்படுகிறது. வீட்டில் எல்லோரும் விரல் அசைகிறதா என்றுதான் பார்க்கிறோம்; உணர்வு போனதை நோயாளியே சில சமயம் தாமதமாகத்தான் கவனிப்பார். பக்கவாதத்தில் விரல் நுனியில் இருக்கும் பசினிக்கும் மெர்க்கெலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவை அனுப்புகின்றன, மூளையில் வாங்கிப் படிக்கிற இடம் அடிபட்டிருக்கிறது. இனிப்பு நீரில் நடப்பது நேர் எதிர். அங்கே நரம்பின் முனைகளே தேய்கின்றன. வழக்கமாகக் காலில் தொடங்கி, அப்புறம் கைக்கு வரும். மலேசிய சுகாதார ஆய்வில் 2019-ல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், 2023-ல் 15.6 விழுக்காட்டினருக்கும் இனிப்பு நீர் இருப்பதாக வந்தது. இந்தியர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகம் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. இதற்கு மேல் வயது வேறு: வயது கூடக் கூட மெய்ஸ்னரும் பசினியும் குறைந்துகொண்டே போகின்றன. காய்த்துப்போன தோல் வேறு. மெல்லிய தொடுதல் அதைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அப்புறம் அந்தப் புல்வெட்டு மெஷின். ஆண்டுக்கணக்கில் அதிர்கிற மெஷினைப் பிடித்தவர்களுக்கு விரல் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் கெட்டுப்போவது மருத்துவத்தில் நன்றாகப் பதிவான நோய். அப்படிப்பட்ட கைக்கு முதலில் மங்குவது, விஆர் கருவி நம்பியிருக்கும் அதே அதிர்வு உணர்வுதான்.

ஆகவே உங்கள் அப்பாவுக்கு அந்த அதிர்வு தெரியாததற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. நரம்பு முனை தேய்ந்திருந்தால் அதிர்வைக் கொஞ்சம் கூட்டுவது உதவலாம். மூளையில் படிக்கிற இடம் அடிபட்டிருந்தால் கூட்டி என்ன பயன்? இரைச்சல்தான் பெரிதாகும், அர்த்தம் வராது. அதனால்தான் முதலில் அளக்க வேண்டும் என்கிறேன்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. நைலான் இழைகள் வரிசையாக இருக்கும். தோலில் வைத்து வளையும் வரை அழுத்துவார்கள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கனத்தில் வளையும். கையில் 0.07 கிராம் இழை தெரிந்தால் தொடுஉணர்வு இயல்பு என்று பொருள். தடித்த இழைகளுக்குப் போகப் போக இழப்பு அதிகம். கடைசி இழை 300 கிராம். கிளினிக்கில் இனிப்பு நீர்க்காரர்களின் பாதத்தில் வைப்பார்களே, அந்த 10 கிராம் இழையும் இதே குடும்பம்தான். அதோடு 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி விரல் மூட்டில் வைத்துப் பார்ப்பார்கள். கண்ணை மூடச் சொல்லி, பாதித்த கையை எங்காவது நிறுத்தி, நல்ல கையால் அந்தக் கட்டைவிரலைப் பிடிக்கச் சொல்வார்கள். தடுமாறினால் கை எங்கே இருக்கிறது என்ற உணர்வும் போயிருக்கிறது என்று அர்த்தம். இந்த எண்களைக் கேட்டு வாங்கி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், விஆர் கருவியிலேயே ஓர் அளவு எடுக்க வேண்டும். அதிர்வைப் பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, "தெரியுது" என்று சொல்லும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அங்கிருந்து குறைத்து, மறைகிற இடத்தைக் குறிக்க வேண்டும். இப்படிப் பலமுறை ஏறி இறங்கினால் சராசரியாக ஓர் எல்லை கிடைக்கும். இதில் பலர் கோட்டை விடும் இடம் காது. மோட்டார் அதிரும்போது "ர்ர்ர்" என்று ஒரு சத்தம் வரும். உணர்வில்லாத கைக்காரரும் அந்தச் சத்தத்தைக் கேட்டு "ஆங், தெரியுது" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது, எது காது, எது கை என்று. அதனால் காதில் ஹெட்போனை மாட்டி இரைச்சலை ஓடவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். நடுநடுவே அதிர்வே கொடுக்காமல் "இப்போ?" என்று கேட்டுப் பார்க்கவும் வேண்டும். நம்ம ஊர் பெரியவர்களுக்கு டாக்டரம்மா மனம் நோகக்கூடாதென்று "தெரியுது, தெரியுது" என்று சொல்கிற பழக்கம் வேறு இருக்கிறது.

எல்லை தெரிந்துவிட்டால் அதற்கு எவ்வளவு மேலே வைப்பது? இங்கே 1834-ல் ஜெர்மனியில் வேபர் கண்டது இன்றும் செல்லும். மனித உணர்வு வித்தியாசத்தை விகிதத்தில்தான் பார்க்கும். நல்ல கைக்கு, பிடிக்கும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மாறினால் தெரியும். பொருள் கெட்டியா மெத்தா என்பதில் ஐந்தில் ஒரு பங்கு போல மாற வேண்டும். அதிர்வின் வேகத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான். பாதித்த கைக்கு இந்த விகிதங்கள் எல்லாம் இன்னும் பெரிதாகும். ஆகவே, பந்தின் கனத்துக்கு ஏற்பப் பத்துப் படியில் அதிர்வு மாறும் என்று ஒரு விளையாட்டு பெருமைப்பட்டுக்கொண்டால், அந்தப் பத்தில் உங்கள் அப்பாவுக்குப் பிரிந்து தெரியப்போவது இரண்டோ மூன்றோதான். இரண்டே படி, நன்றாக விலகி இருந்தால் போதும்.

பலத்தைவிட முக்கியமானது நேரம். தோலில் இரண்டு தட்டு 5 மில்லிவினாடி இடைவெளியில் விழுந்தாலே அவை இரண்டு என்று நம்மால் பிரிக்க முடியும். கண்ணுக்கு அதைப்போல ஐந்து மடங்கு தேவை. அதனால்தான் நல்ல தொடுகருவிகள் நொடிக்கு ஆயிரம் முறை கணக்குப் போட்டு விசையைப் புதுப்பிக்கின்றன, படம் நொடிக்கு 90 முறை மாறினாலே போதும் என்றாலும். கண் பந்தைத் தொட்டதைப் பார்த்துவிட்டு, கை சில பத்து மில்லிவினாடி கழித்து அதிர்ந்தால், நல்ல மூளைக்கு அது இடிக்க ஆரம்பிக்கும். 1998-ல் போட்வினிக், கோஹன் இருவர் செய்த ரப்பர் கைச் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும்: நிஜக் கையை மறைத்து வைத்து, எதிரே ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால், கொஞ்ச நேரத்தில் ரப்பர் கை நம் கை என்றே தோன்றும். வருடுவது முன்பின்னாகப் போனால் அந்த மயக்கம் கலைந்துவிடும். விஆர் மறுவாழ்வு முழுவதும் இந்த மயக்கத்தை நம்பித்தான் நிற்கிறது. கண்ணாடிக்குள் தெரிகிற கையைத் தன் கை என்று அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். மந்தமான மோட்டாரும் வயரில்லாத இணைப்பின் தாமதமும் சேர்ந்தால் அதிர்வு எவ்வளவு பலமாக இருந்தாலும் அது வேறு யாருக்கோ நடக்கிறது. அப்பா "காத்தைப் புடிக்கிறேன்" என்பதில் இதற்கும் பங்கு இருக்கலாம். பந்தைத் தொடும் கணத்திலேயே அதிர்கிறதா, சற்றுப் பிந்தியா என்று நீங்களே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். உங்களுக்கே பிந்தித் தெரிந்தால் கருவியைச் சரிசெய்யச் சொல்லலாம்.

இனி, பலத்தைக் கூட்டுவதைப் பற்றி. ஒரே அதிர்வு தொடர்ந்து வந்தால் தோல் பழகிப்போய், சில நிமிடத்தில் மரத்துவிடும். பலமான அதிர்வு தசைநாண் மேல் பட்டால், குறிப்பாக நொடிக்கு 80 முதல் 100 துடிப்பில், கை தானாக அசைவதுபோல் ஒரு பிரமை வரும், தசையும் இறுகலாம். ஏற்கெனவே விரல் மடங்கி இறுகியிருப்பவருக்கு இது வேண்டாத வேலை. இதற்கு நேர்மாறான ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. 1996-ல் ஓர் ஆய்வு, உணர முடியாத அளவுக்கு மெல்லிய, ஒழுங்கற்ற அதிர்வைச் சேர்த்தால் தோல் மெல்லிய தொடுதலை முன்பைவிட நன்றாகப் பிடிக்கிறது என்று காட்டியது. 2013-ல் அதைப் பக்கவாதக்காரர்களிடம் பார்த்தார்கள். மணிக்கட்டில் அவர்களுக்கே தெரியாத அளவு அதிர்வைக் கொடுத்தபோது விரல் நுனியின் உணர்வு அந்த நேரத்துக்குக் கூர்மையானது. எல்லைக்கு மேலே ஏற்றியதால் வந்த பலன் இல்லை. கீழே வைத்ததால் வந்தது. இது இன்னும் எல்லா நிலையத்துக்கும் வந்துசேரவில்லை, நீங்களாக மணிக்கட்டில் எதையாவது கட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஆனால் "பலமாக்கினால் சரியாகும்" என்ற எண்ணம் எவ்வளவு தப்பு என்பதற்கு இது போதும்.

எனக்கு விஆர் மீது உள்ள பெரிய குறை வேறு. 2002-ல் எர்ன்ஸ்ட், பேங்க்ஸ் இருவரும் காட்டியபடி, கண்ணும் கையும் ஒரே பொருளைப் பற்றிச் சொல்லும்போது, மூளை எது நம்பகமோ அதன் பேச்சுக்கு அதிக மதிப்புக் கொடுக்கும். பக்கவாதம் வந்த கை தெளிவில்லாமல் பேசுகிறது. கண் தெளிவாகப் பேசுகிறது. மூளை கண்ணையே கேட்கும். விளையாட்டில் புள்ளி ஏறும், குடும்பத்துக்குச் சந்தோஷம், அறிக்கையில் முன்னேற்றம். ஆனால் அவ்வளவும் கண் சம்பாதித்தது. தொடுஉணர்வு அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும். பந்தை ஒரு பெட்டிக்குள் மறைத்துவிட்டு, அதிர்வை மட்டும் வைத்துத் தேடி எடுக்கச் சொல்கிற படி அந்த விளையாட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதில் கொஞ்ச நேரமாவது உட்கார வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த விஆர் அசைவுக்கான பயிற்சி மட்டும்தான். அதுவும் நல்லதுதான், தொடுதலுக்கான பயிற்சி என்று நினைத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

பலன் எவ்வளவு என்று கேட்பீர்கள். பக்கவாதத்துக்கான விஆர் சிகிச்சை பற்றி 2017-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 72 சோதனைகளை, 2,470 பேரைப் பார்த்தது. அதே அளவு நேரம் வழக்கமான பயிற்சி செய்தவர்களைவிட விஆர் கைக்கு மேலான பலன் தரவில்லை. வழக்கமான பயிற்சியோடு கூடுதலாகச் சேர்த்தபோது பலன் இருந்தது. 2025-ல் சோதனைகள் பெருகியபின் வந்த புதிய பதிப்பில் விஆருக்குச் சற்றே சாதகமாக வந்திருக்கிறது. சற்றே என்பதைக் கவனியுங்கள். விஆர் போகட்டும் என்று நான் சொல்லவில்லை, ஈப்போ பயணத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் வாரத்தில் அவர் அங்கே இருப்பது சில மணி நேரம். மீதி நேரமெல்லாம் வீட்டில்தான்.

கையுறை ஏன் வேண்டாம் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆயிரக்கணக்கில் வெள்ளியைக் கொட்டி வாங்கினாலும் பெரும்பாலானவை விரலுக்கு ஒரு மோட்டார் வைத்த அதே அதிர்வுதான். விரலைப் பிடித்து நிறுத்துகிற விசைக் கையுறைகள் வேறு ரகம், ஆனால் மடங்கி இறுகிய விரலை அதற்குள் நுழைப்பதே பெரிய பாடு. இனிப்பு நீர் உள்ள, உணர்வு குறைந்த கையில் உள்ளே உராய்ந்து புண் வந்தால் அவருக்கு வலிக்காது. நீங்கள் பார்க்கும்போது தாமதமாகியிருக்கும். பணத்தை மிச்சம் பிடியுங்கள். அப்பா வேலையிலிருந்த காலத்தில் சம்பளத்தில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா பிடித்திருந்தால் அந்த அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். மலாக்காவில் 2014 முதல் அவர்களுடைய மறுவாழ்வு நிலையம் இயங்குகிறது, ஈப்போவிலும் ரோபோ கருவிகளோடு ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். தகுதி உண்டா என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

வீட்டில் செய்வதற்கு 2011-ல் ஆஸ்திரேலியாவில் 50 பேரை வைத்து நடந்த ஒரு சோதனை நல்ல வழி காட்டுகிறது. வித்தியாசத்தைப் பிரித்தறியும் பயிற்சி கொடுத்தவர்களுக்கு, கையைச் சும்மா பொருள்கள் மேல் வைத்தவர்களைவிடத் தொடுஉணர்வு நன்றாகத் திரும்பியது. சும்மா தேய்ப்பது வேறு, கேள்வி கேட்டுத் தேய்ப்பது வேறு. உப்புத்தாள், பழைய சாரோங் துணி, தேங்காய் நார் மூன்றையும் எடுங்கள். கண்ணை மூடச் சொல்லி, இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வலது விரல் நுனியில் இழுத்து, "ஒண்ணா, வேறயா?" என்று கேளுங்கள். பதில் சொன்னதும் கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இடது கையால் தொட்டு, அது எப்படி இருக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, மறுபடி வலது கையால். கவனம் கலைந்தால் நிறுத்திவிடுங்கள். சோர்ந்த மூளை எதையும் கற்காது. தண்ணீர் அரைவாசி நிரப்பிய பிளாஸ்டிக் கோப்பையைப் பிடிக்க வையுங்கள், நசுங்காமலும் நழுவாமலும். நல்ல கை பொருள் நழுவுவதை உணர்ந்து பத்தில் ஒரு நொடிக்குள் பிடியை இறுக்கும், தேவைக்குச் சற்று மேல்தான் இறுக்கும். உணர்வு போன கை பயத்தில் நசுக்கிவிடும். எந்த விஆர் பந்தாலும் சொல்லித்தர முடியாத பாடம் இது. விரல் அசைவு இன்னும் குறைவாக இருந்தால் முகக்கண்ணாடியை நடுவில் நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தைப் பாதித்த கையாகப் பார்க்கிற பயிற்சியும் உண்டு. நம்ம தமிழர் வி.எஸ்.ராமச்சந்திரன் கை இழந்தவர்களுக்காகத் தொடங்கியது, பின்னால் பக்கவாதத்துக்கும் வந்தது.

எச்சரிக்கை சிலவும் உண்டு. குளிக்கும் தண்ணீரின் சூட்டை அவர் வலது கையால் பார்க்கவே கூடாது, நீங்கள் பாருங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்திருந்தாலோ, நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, இனிப்பு நீரால் கண்ணில் கோளாறு என்று சொல்லியிருந்தாலோ விஆர் கண்ணாடி மாட்டுமுன் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். தொட்டாலே எரிகிறது, சுடுகிறது என்று அப்பா சொன்னால் உடனே சொல்லுங்கள். மூளையிலிருந்து வரும் வலியாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு, அதிர்வுப் பயிற்சி அதை மோசமாக்கும்.

உப்புத்தாள் பழகியதும் சில்லறைக்குப் போகலாம். ஒரு கிண்ணத்தில் அரிசியைப் போட்டு அதற்குள் 50 காசையும் 5 காசையும் புதைத்து, கண்ணை மூடி எடுத்து எது என்று சொல்லச் சொல்லுங்கள். 50 காசு ஏறத்தாழ 22.7 மில்லிமீட்டர், 5 காசு 17.8, நல்ல வித்தியாசம். அது தவறாமல் வரத் தொடங்கியபின் 50-உம் 20-உம். 10 காசையும் 5 காசையும் மட்டும் கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், நல்ல கையே சில நேரம் தப்பாகச் சொல்லும். அதற்காக அவர் மனம் சோர்ந்துபோக வேண்டியதில்லை.